அப்ரிட்ஜ் என்றால் பாலம் இல்லை

ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடைக்கு மேல்மாடியில் இருந்த சிறிய பதிப்பகத்தில், தமிழ்ப் பிரிவின் உதவி ஆசிரியராகச் சேர்ந்த முதல் நாளே என் மேசைக்கு ஒரு தடித்த ஃபைல் வந்தது. ஓய்வுபெற்ற நர்ஸ் பொன்னம்மாள் எழுதிய அனுபவங்கள், முந்நூறு பக்கம். அதன்மேல் மலையாளியான மேனேஜர் ரவீந்திரன் சார் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: ‘அப்ரிட்ஜ் செய்து வெள்ளிக்கிழமை தரவும்.’

அந்தச் சொல் எனக்குத் தெரியாது. கேட்டால் முதல் நாளே மானம் போகும். ப்ரிட்ஜ் என்றால் பாலம். ஆக, பாலம் போடச் சொல்கிறார் என்று நானே முடிவு செய்தேன். படித்துப் பார்த்தால் அத்தியாயங்கள் உண்மையிலேயே தாவித் தாவித்தான் போயின. என் ஊகம் உறுதியாகிவிட்டது. நான்கு நாள் மெனக்கெட்டு இடையிடையே இணைப்புப் பத்திகள் எழுதிச் சேர்த்தேன்.

வெள்ளிக்கிழமை சார் பிரிண்ட் அவுட்டைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

“எந்தா வித்யா, கனம் கூடியிருக்கே?”

“முந்நூத்தி நாப்பது பக்கம் சார். எல்லாத்துக்கும் நடுவுல பாலம் போட்டாச்சு.”

சார் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “என்டெ ஈஸ்வரா! அப்ரிட்ஜ்னா சுருக்கறது. நர்சிங் படிக்கற பிள்ளைங்க பையில வெச்சுப் படிக்கணும். நூறு பக்கம் மதி, அது போதும். பொன்னம்மாள் சிஸ்டரோட எண்பதாம் பிறந்தநாளுக்குப் புக் வரணும். அடுத்த சனிக்கிழமை பிரஸ்ஸுக்குப் போகணும், கேட்டோ?”

அவமானத்தில் வேகம் பிறந்தது. நீளமான அத்தியாயங்களை அப்படியே டெலீட் செய்தேன். செவ்வாய்க்கிழமை சரியாக நூறு பக்கம். புரூஃப் பார்க்க வந்த பொன்னம்மாள் சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“மோளே, பஸ்ஸில பெத்தாளே ஒரு பொண்ணு, அவ எங்கே?”

பழவங்காடி நெரிசலில் மாட்டிக்கொண்ட பஸ்ஸில் அவர் பிரசவம் பார்த்த கதை அது. இருபது பக்கம்.

“நீளமா இருந்துது சிஸ்டர், எடுத்துட்டேன்.”

“மடிக்கச் சொன்னா கிழிச்சு வெச்சிருக்கியே!” அவர் புரூஃபை மேசைமேல் போட்டார். “அவ இல்லாம இது என் கதையா?”

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன். “சுருக்கமா நீங்களே சொல்லுங்கோ சிஸ்டர். நான் அடிக்கறேன்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். பஸ் புறப்பட்ட நேரம், போன வழி, மழை எதுவும் அவர் சொன்னதில் வரவில்லை. புடவைத் தலைப்பை விரித்து மறைப்புக் கட்டிய பெண்கள் வந்தார்கள். சட்டையைக் கழற்றிக் கொடுத்த கண்டக்டர் வந்தார். “குழந்தை அழுதது கேட்டதும், பின்னால ஹார்ன் அடிச்சவனெல்லாம் நிறுத்திட்டான்” என்று முடித்தார். இரண்டே பக்கம். திரும்பப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

நான் நீக்கிய மற்ற அத்தியாயங்களையும் இதேபோல் சுருக்கி மீட்டோம். மூன்று நாளில் நூற்றுப் பன்னிரண்டு பக்கம் ஆயிற்று. கூடுதல் பன்னிரண்டோடு சார் அதை அப்படியே பிரஸ்ஸுக்கு அனுப்பினார். பிறந்தநாளில் சிஸ்டர் அந்த இரண்டு பக்கத்தைத் தானே வாசித்தார். கடைசி வரியில் ஹால் முழுக்கக் கைதட்டியது.

எடிட்டிங் வேலைக்கு வருகிறவர்களுக்கு இரண்டே விஷயம் சொல்வேன். அர்த்தம் தெரியாத சொல்லை உடனே கேட்டுவிடுங்கள். அரை நிமிட வெட்கம் நான்கு நாள் வேலையை மிச்சப்படுத்தும். சுருக்கும்போது எத்தனை பக்கம் குறைந்தது என்று எண்ணுவதற்கு முன், யாராவது காணாமல் போய்விட்டார்களா என்று பாருங்கள்.