ஞானத்துக்குப் பிணை நின்றேன்

கரவெட்டியிலிருந்து தொலைபேசி வந்தபோது, ஒரு மாணவனின் ஆய்வேட்டில் பிழை தேடிக்கொண்டிருந்தேன். "அக்கா நேற்றுக் காலமை மோசம் போட்டா," என்றார் ஞானத்தின் தம்பி. ஞானம் செத்துப்போனாள் என்று விளங்கியும் அழுகை வர நேரம் எடுத்தது. இதிலும் எனக்கு முந்திவிட்டாளே என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது. அவளை அறிந்த நீங்கள் கோபிக்க வேண்டாம். அவள் கேட்டிருந்தால் சிரித்திருப்பாள்.

தொண்ணூற்றொன்றில் நாங்கள் இருவரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் உதவி விரிவுரையாளர்கள். நான் உடுவில், பட்டத்தில் முதலாம் வகுப்பு. அவள் கரவெட்டி, இரண்டாம் வகுப்பு, அதிலும் கீழ்ப்பிரிவு. உயிர்மருத்துவப் பொறியியலில் கலாநிதிப் பட்டம் செய்யும் ஆசை முதலில் எனக்குத்தான் வந்தது. அதை அவளிடம் வாய்விட்டுச் சொன்னது என் மடைத்தனம். அடுத்த கிழமையே, "நானும் எழுதிப் போடப்போறன்" என்று வந்து நின்றாள்.

இருவருமாக, இதயத் துடிப்பைக் காகிதத்தில் கோடாக வரையும் கருவியொன்று செய்தோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் போரால் அப்போது மின்சாரம் இல்லை. பழைய கார் பற்றரிக்குச் சைக்கிள் டைனமோவால் மின்னேற்றினோம். மிதித்தது பெரும்பாலும் நான். முதல் தடவை அவளுடைய துடிப்பைப் பதிந்தபோது கோடு மிகச் சுத்தமாக விழுந்தது. சுற்றியுள்ள மின்கம்பிகளின் இரைச்சல் கோட்டை நடுங்க வைக்கும் என்று புத்தகங்கள் எல்லாம் சொல்லியிருந்தன. இங்கே நடுக்கமே இல்லை. கருவியில் பிழை என்று முடிவுகட்டி, இரண்டு நாள் அதைப் பிரித்துப் பிரித்து ஈயம் பற்றவைத்தேன். பார்த்துக்கொண்டிருந்தவள், மூன்றாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உமக்கென்ன விசரே? கரண்டே இல்லாத ஊரிலை கரண்டின்ரை இரைச்சல் எங்காலை வரும்?"

அதையே ஆய்வுத் திட்டமாகவும் எழுதிவிட்டாள். எங்கள் சுத்தமான பதிவுகளை வைத்து, மின்சாரம் உள்ள ஊர்களில் எது துடிப்பு, எது இரைச்சல் என்று பிரித்தறிவது. நான் பிழை என்று நினைத்த அதே காகிதம். நாலு மாதம் கழித்து, நாங்கள் இருவரும் எழுதிப்போட்டிருந்த பேராசிரியரின் கடிதம் இங்கிலாந்திலிருந்து வந்தது. ஓர் இடம்தான் இருந்தது, அது அவளுக்கு. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் தலையிடி என்று சொன்னேன்.

குடாநாட்டை விட்டு வெளியே போக இயக்கத்திடம் பாஸ் என்ற அனுமதிச் சீட்டு எடுக்கவேண்டிய காலம் அது. போகிறவர் திரும்பி வருவார் என்று ஒருவர் பிணை நிற்கவேண்டும். அவர் வரும்வரை பிணை நின்றவர் குடாநாட்டை விட்டு அசைய முடியாது. அவளுடைய தம்பிக்கு வயது காணாது என்று தட்டிவிட்டார்கள். ஞானம் என்னிடம் வந்தாள்.

"உம்மட்டைத்தான் கேக்கலாம். உமக்கு என்னிலை எரிச்சல் எண்டு தெரியும். எரிச்சல் உள்ள ஆள்தான் ஒருநாளும் என்னை மறக்காது."

கையெழுத்து வைத்தேன். மறுத்தால் பொறாமைக்காரி என்று துறை முழுக்கக் கதைப்பார்கள் என்ற பயம்தான் காரணம்.

தொண்ணூற்று மூன்றின் கடைசியில் எனக்கும் இங்கிலாந்தில் வேறொரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. பாஸ் கொடுக்கும் கந்தோரில் பதிவைப் பார்த்தவர் கையை விரித்தார். "நீங்கள் பிணை நிண்ட ஆள் இன்னும் வரேல்லை. அவ வந்தால்தான் நீங்கள் போகலாம்."

ஞானத்துக்குக் கடிதம் போட்டேன். 'எனக்கும் இடம் வந்திருக்கிறது. போக வழியில்லை. நீர் சந்தோஷமாகப் படியும்.' குத்திக்காட்டத்தான் அப்படி எழுதினேன்.

மூன்று மாதத்தில், ஒற்றைப் பையோடு, கடற்படை சுடும் கிளாலிக் கடலைத் தாண்டி வந்து ஆய்வுகூட வாசலில் நின்றாள். படிப்பு பாதியில் கிடந்தது.

"உமக்காக வரேல்லை," என்றாள். "அங்கை சரியான குளிர். போய்ப் பாரும், விளங்கும்."

தன்னுடைய இடத்தைப் பேராசிரியர் ஒரு வருடம் வைத்திருப்பார் என்று போகிறபோக்கில் சொன்னாள். பிறகு என்னோடு கந்தோருக்கு வந்து எனக்குப் பிணை நின்றாள். ஒரு வருடத்துக்குள் வந்துவிடுவேன் என்று நானும் சொன்னேன்.

நான் வரவில்லை. முதல் வருடம் கருவி பழுது என்றேன், பிறகு பரீட்சை என்றேன். அவளுடைய இடம் வேறொருவருக்குப் போனது. தொண்ணூற்றைந்தில் இராணுவம் முன்னேறி ஊரே இடம்பெயர்ந்தபோது பிணையும் இல்லை, பாஸும் இல்லை, அவளுக்குப் போக இடமும் இல்லை. பிறகு ஆஸ்பத்திரி இயந்திரங்களைத் திருத்திக் கொடுத்துக்கொண்டு ஊரிலேயே இருந்தாள். செத்தவீட்டுக்கு வந்த தாதிமார் "எங்கடை டொக்டர்" என்று சொல்லி அழுதார்களாம். தம்பி சொன்னபோது, கலாநிதிப் பட்டம் எடுத்த எனக்கு அதிலும் பொறாமை வந்தது.

அவளிடமிருந்து நான் வைத்திருப்பது இந்தப் பொறாமையைத்தான். கிடைத்த படிப்பைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்பி வர அவளால் முடிந்தது. என்னுடைய ஒரு கடிதம் அவளுக்குப் போதுமாயிருந்தது. அந்த ஒரு வருடத்தில் அவள் எனக்கு ஆறு கடிதம் எழுதினாள். மழை, தோட்டம், மாணவர்கள் எல்லாம் எழுதினாள். வாரும் என்று மட்டும் எழுதவில்லை. எழுதினாலும் நான் வரமாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.