வெறுங்கதிரைக்கு ஒரு விளக்கம்

ஓவியர்களைத் தொழில்முறை உலகுக்குத் தயார்படுத்துகிறோம் என்று கொழும்பு கொள்ளுப்பிட்டியில் மூன்று நாள் பயிற்சி நடத்தினார்கள். நானும் போனேன். அங்கே ஒருவரும் தூரிகையைத் தொட்டதாக ஞாபகம் இல்லை. எப்படிக் கைகுலுக்குவது, விசிட்டிங் கார்டை எப்போது நீட்டுவது, சிரிக்கும்போது எத்தனை பல் தெரியலாம், இவைதான் பாடம். முடிவில், தெரிவாகும் படங்களுக்குக் கண்காட்சியில் இடம். எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. நாற்பது வயதாகியும் என் படங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தன.

பயிற்சி தந்தவர் ஒரு தமிழ்ப் பெண். எல்லோரும் அவரை மிஸ் என்போம். அவர் என் படத்தை உற்றுப் பார்த்தார். எங்கள் பால்கனி, அதில் அப்பா வழக்கமாக உட்காரும் கதிரை, வெறுமையாக. காலைச் சாப்பாட்டுக்கு அப்பா கடையில் பாண் வாங்கக் கீழே இறங்கிய நேரத்தில் வரைந்தது. அவர் இருந்தால் காலை ஆட்டிக்கொண்டே இருப்பார், வரைய விடமாட்டார்.

"இதில உங்கட காயம் எங்க?" என்று கேட்டார் மிஸ்.

காயமா? நான் இங்கேயே பிறந்து கடற்காற்று வாங்கிக் கொழுத்தவள். ஆனால் தமிழச்சி வெறுங்கதிரை வரைந்தால் அதில் யுத்தத்தில் காணாமற்போன ஒருவர் இருந்தே ஆகவேண்டுமாம். உண்மையிலேயே பிள்ளையைத் தேடி, புகைப்படத்தோடு தெருவோரம் நிற்கும் தாய்மாரை இந்த மிஸ் எட்டியும் பார்த்திருக்க மாட்டார். நறுக்கென்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "திரும்பி வராத என் தந்தைக்கு" என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். வெட்கங்கெட்ட வேலை. இடம் கிடைத்தது.

கண்காட்சி எப்போது என்று அப்பாவிடம் நான் சொல்லவில்லை. தங்கச்சி சொல்லிவிட்டாள். அப்பா அயர்ன் பண்ணிய வெள்ளைச் சட்டையோடு வந்து, நேரே என் படத்தின் முன் நின்று, குறிப்பை இரண்டு தரம் வாசித்தார்.

"நான் பாண் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தனான்தானே, பிள்ளை?" என்றார் மெதுவாக.

அதற்குள், படம் வாங்க விரும்பிய ஒருவரை மிஸ் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"இவர் ஆர்?" என்று அப்பாவைக் காட்டி மிஸ் என்னிடம் கேட்டார்.

நான் படத்தின் கீழிருந்த குறிப்பைப் பார்த்தேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"நான் பக்கத்து வீடு," என்றார். "இந்தப் பிள்ளையின்ர தகப்பனை எனக்கு நல்லாத் தெரியும்."