நாற்காலியைத் திருப்பினேன்

எங்கள் பல்கலைக்கழகத்தில் பேச்சும் செவித்திறனும் படிக்கிற மாணவர்களுக்கென்று ஒரு கிளப் இருந்தது. சேவை ஆசையில் நான் அதில் சேரவில்லை. அவர்கள் ஊர் ஊராக முகாம் நடத்தி, காது மந்தமானவர்களுக்கு இலவசமாகக் கருவி வாங்கிக் கொடுப்பார்கள். மயிலாடியில் சிலை கொத்தும் என் அப்பாவுக்கு அதில் ஒன்று வேண்டும். கல் அறுக்கும் மெஷினின் இரைச்சலிலேயே இருந்து அவர் காது போய்விட்டது. பின்னால் வந்த டெம்போவின் ஹாரன் கேட்காமல் இரண்டு தடவை மயிரிழையில் தப்பியிருக்கிறார். சொன்னால், "எனக்க காதுக்கு ஒரு கேடும் இல்ல" என்று எரிந்து விழுவார்.

கிளப்பின் செயலாளர் சென்னைக்கார அக்கா ஒருத்தி. பெயர் கொடுக்கப் போன அன்றே என் ஊர்ப் பேச்சின் இழுவையைக் கேட்டு, "நீ பேசுறியா, பாடுறியா? முதல்ல உனக்குத்தான் தெரபி கொடுக்கணும்" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரியம் பெரிதா வீரியம் பெரிதா என்று பெயரை எழுதிக் கொடுத்தேன்.

புதிதாகச் சேருகிறவர்கள் சொந்த ஊரில் ஒரு முகாம் நடத்திக் காட்டினால்தான் உறுப்பினர் அட்டை கிடைக்கும். கல் பட்டறைகள் ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும், சபை மண்டபத்தில் ஏற்பாடு செய்தேன். அப்பா வரமாட்டேன் என்றுதான் நின்றார். மகள் நடத்துகிற முகாமுக்கு அப்பனே வரவில்லையா என்று ஊர் கேட்கும் என்று சொல்லி இழுத்து வந்தேன்.

பரிசோதிக்க வந்திருந்த அக்கா அவரை எதிரே உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினாள். அவள் பொத்தானை அழுத்தும்போது வரும் சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். அப்பா ஒன்றுகூடத் தவறாமல் தூக்கினார். அக்கா தாளில் 'நார்மல்' என்று எழுதினாள்.

நான் அப்பாவின் கண்ணைக் கவனித்தேன். பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அக்காவின் வலது தோள் கொஞ்சம் இறங்கியது. கல்லில் நூலளவு கோணலைக் கண்டுபிடிக்கிற மனுஷனுக்கு அது போதாதா!

"எக்கா, நாற்காலியத் திருப்பிப் போடுங்க. அப்பா ஒங்க தோளப் பாத்துத்தான் விரலத் தூக்குதாரு."

"ஃபர்ஸ்ட் இயர் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். அடுத்த ஆளைக் கூப்பிடு."

நான் கூப்பிடவில்லை. அப்பாவை எழுப்பி, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். அதுவரை என்னிடம் எதற்குமே கெஞ்சாதவர், "வேண்டாம் மக்கா" என்றார், மெதுவாக. எனக்குக் கேட்டது. ஆனாலும் உட்காரவைத்தேன். பொத்தானை நானே அழுத்தினேன்.

விரல் எழவில்லை. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். அப்போதும் எழவில்லை. பிறகு நான் அழுத்தாதபோது சட்டென்று ஒருமுறை தூக்கினார். வரிசையில் நின்ற பட்டறை ஆட்களில் யாரோ சிரித்தார்கள். அன்று கிளப்பில் என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இல்லை அது. இன்னும் மோசமாக வலித்தது.

அக்கா பழைய தாளைக் கிழித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் புதிது எழுதினாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வீட்டுக்கு நடக்கும்போது அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார்: "நாலு பேரு முன்னால என்னச் செவிடனாக்கிட்டியேட்டி."

எனக்கு அட்டை வந்தது. அவருக்குக் கருவியும் வந்தது; இன்றுவரை பெட்டியைவிட்டு வெளியே எடுக்கவில்லை. விடுமுறைக்கு வீட்டுக்குப் போய் நான் பேச வாயெடுத்தால், அப்பா நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். என் உதட்டைப் பார்க்காவிட்டால் நான் சொல்வது ஒன்றும் அவருக்குக் கேட்காது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.