மரச்சக்கரத்தின் சத்தம்

புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்கு மாற்றலாகி வரும் அரசு ஊழியர்கள் வெள்ளிக்கிழமைக்காகவே வாழ்கிறவர்கள். காலையிலேயே பை மேசைக்கடியில் தயாராக இருக்கும். அம்மா இருந்தவரை நானும் அப்படித்தான் இருந்தேன். அம்மா போன பிறகு புதுச்சேரியில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. பேருந்தில் ஏறலாம், ஆனால் போய் இறங்க ஓர் இடம் இல்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் யாரிடமும் பேசாமலே கழிந்துவிடும். திங்கட்கிழமை அலுவலகத்தில் முதல் வார்த்தை பேசும்போது தொண்டை கரகரக்கும். தண்ணீர் குடித்துச் சமாளிப்பேன்.

எனக்கு வரைவாளர் வேலை. வடிகால், சிறு பாலம், பள்ளிக்கூடக் கழிப்பறை என்று கணினியில் வரைந்துகொண்டிருப்பேன். ஒருநாள் கைப்பேசியில் ஒரு காணொளி பார்த்தேன். சுவரில் மாட்டிய இரண்டு மரச்சக்கரங்கள், ஒன்றன் முன் ஒன்று, எதிரெதிர்த் திசையில் மெல்லச் சுற்றின. அவற்றின் வளைந்த ஆரக்கால்கள் ஒன்றையொன்று கடக்கும்போது ஒரு பெரிய பூ விரிந்து விரிந்து கூம்புவதுபோல இருந்தது. மின்சாரம் கிடையாது. கயிற்றில் தொங்கும் ஒரு எடை கீழே இறங்க இறங்கச் சக்கரம் சுற்றுகிறது. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வடிகால் வரைகிற கைக்கு இது வராதா என்று தோன்றியது.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு லேசர் கட்டிங் கடை இருக்கிறது. கல்யாணப் பெயர்ப்பலகை, வீட்டு வாசல் பலகை, சாவிக்கொத்து எல்லாம் வெட்டுவார்கள். கடைக்காரர் வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பிய திருமலைராயன்பட்டினத்து பாய். என் வரைபடத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கடிகாரமா மேடம்?"

"இல்ல பாய். மணி காட்டாது."

"அப்ப என்ன செய்யும்?"

"சுத்தும்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

அவர் சிரிக்கவில்லை. "சரி, வெட்டிப் பாத்துடுவோம்" என்று ப்ளைவுட் பலகையை இயந்திரத்துக்குள் வைத்தார். நீலமான ஒரு பொறி பலகைமேல் ஓடியது. கருகிய மரவாசனை கடை முழுக்கப் பரவியது. வீட்டுக்கு வந்து துண்டுகளைத் துடைத்தபோது விரல்களெல்லாம் கரி.

முதலில் செய்தது சுற்றவே இல்லை. இரண்டாவது சுற்றத் தொடங்கி நின்றுவிட்டது. எத்தனையோ சனிக்கிழமைகள் அந்தக் கடை பெஞ்சில் போயின. கடைசியில் ஒருநாள், கடற்கரை மணலை நிரப்பிய தண்ணீர்ப் பாட்டிலை எடையாகக் கட்டித் தொங்கவிட்டு, பின்னாலிருந்த பல்சக்கரத்தை லேசாகத் தொட்டேன். டொக் என்றது. ஒரு மரக்கொக்கி அந்தச் சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தடுத்துத் தடுத்து விடும், அந்தச் சத்தம். டொக், டொக் என்று நிற்காமல் தொடர்ந்தது. சுவரில் பூ விரிந்தது.

சந்தோஷத்தில் வாசல் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். தெருவில் யாரும் இல்லை. உள்ளே போய்க் காணொளி எடுத்தேன். யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. கைப்பேசியில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். மின்கட்டணம், எரிவாயு, அலுவலகக் குழு. யாருக்கும் அனுப்பவில்லை. நாற்காலியைச் சுவருக்கு எதிரே போட்டு, பாட்டில் தரையைத் தொடும்வரை நானே உட்கார்ந்து பார்த்தேன்.

அதன்பிறகு தினமும் அலுவலகம் போகுமுன் கயிற்றைச் சுற்றிவிட்டுப் போவேன், சில மணி நேரம் ஓடும். திரும்பி வந்ததும் மறுபடி சுற்றுவேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கடற்காற்றும் ஈரமும் சேர்ந்து ப்ளைவுட் ஊறிப் பற்கள் சிக்கிக்கொண்டன. சக்கரம் நின்ற மூன்றாம் நாள் மாலை கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு அக்கா. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். ஆனாலும் "தண்ணி வந்துச்சா?" என்பதைத் தாண்டி நாங்கள் பேசியதில்லை.

"உடம்புக்கு முடியலையா? நீங்க இருக்கீங்களான்னு பாக்க வந்தேன். சத்தத்தையே காணுமே?"

"என்ன சத்தம்க்கா?"

"அதாங்க, டொக்கு டொக்குன்னு. அவரு அதைக் கேட்டுக்கிட்டேதான் படுத்திருப்பாரு. நின்னுபோச்சுன்னா என்னையப் பாக்குறாரு, சுவத்தைப் பாக்குறாரு."

அவர் கணவர் பேருந்து ஓட்டுநராக இருந்தவர், பக்கவாதத்தில் விழுந்து பேச்சும் போய்விட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். முகம் பார்த்ததில்லை. என் சக்கரத்துக்கு ஒருவர் காது கொடுத்துக்கொண்டிருந்தது அன்றுதான் தெரிந்தது. "மழையில மரம் ஊறிடுச்சுக்கா" என்று சொன்னேன்.

பாயிடம் ஓடினேன். "அக்ரிலிக்ல வெட்டிடுவோம் மேடம், அது ஊறாது" என்றார். சக்கரம் நன்றாகவே ஓடியது. ஆனால் சத்தம் கண்ணாடியில் நகத்தால் தட்டுவதுபோல மாறிவிட்டது. மறுநாளே அக்கா வந்தார். சங்கடத்தோடு சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. அவரு மொகத்தைச் சுளிக்கிறாரு."

மறுபடியும் மரத்திலேயே வெட்டினோம். பற்களுக்கிடையே கொஞ்சம் அதிக இடைவெளி விட்டு வரைந்தேன். இரண்டு முறை வார்னிஷ் அடித்துக் காயவைத்தேன். சத்தம் பழையபடி வந்தது.

"அவரு ரூம்லயே மாட்டிடலாமாக்கா?" என்று கேட்டேன்.

"வேணாங்க. அது உங்க வீட்டுல ஓடினாத்தான் பக்கத்துல ஆளு இருக்குற மாதிரி இருக்கு. நீங்க வேணா வந்து அவரைப் பாருங்க."

போனேன். மெலிந்த மனிதர். கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்தது. நான் வந்ததற்கு ஒரு முறை கண்ணைத் திறந்து பார்த்தார். அந்த அறையில் என் சக்கரத்தின் சத்தம் இவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அவருடைய இடது கை ஆள்காட்டி விரல் கட்டில் சட்டத்தில் அதோடு சேர்ந்து தட்டிக்கொண்டிருந்தது. நானும் அக்காவும் காபி குடித்தோம்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வந்தேன். பங்குனியில் ஒருநாள் அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. வீட்டுக்கு வந்தபோது அக்கா வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். நான் முதலில் என் வீட்டுக்குள் போய்ப் பாட்டிலைக் கையில் ஏந்திச் சக்கரத்தை நிறுத்தினேன். அதற்குப் பிறகுதான் அங்கே போனேன்.

காரியம் முடிந்து அக்கா அம்பகரத்தூரில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். ஆட்டோ வந்து நின்றது. ஏறப் போனவர் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்குக் காலையில நான் அடுப்படியில இருந்துட்டேன். அது ஓடிக்கிட்டு இருந்துச்சா?"

"ஓடிக்கிட்டுதான் இருந்துச்சுக்கா. சுத்திவிட்டுட்டுதான் ஆபீஸ் போனேன்."

தலையை ஆட்டினார். ஆட்டோ போய்விட்டது.

அந்த வீட்டுக்கு இன்னும் யாரும் குடிவரவில்லை. நான் இப்போது வேறொன்று வரைந்துகொண்டிருக்கிறேன். மெல்லிய மரக்கீற்றுகள் வரிசையாக நின்று, நெரவி கிராமத்து நாற்றங்காலில் காற்று படுவதுபோல ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்து நிமிரும். போன சனிக்கிழமை பாய் அதைத் திரையில் பார்த்துவிட்டு, "இது சத்தம் போடுமா மேடம்?" என்றார். டொக் என்னும் கொக்கியை எங்கே வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை என்றேன்.