ஹவில்தார் தாத்தாவின் வலது கால்

தாத்தா நடந்து வந்த வழியெல்லாம் ரத்தம் பாதம் பாதமாகப் பதிந்திருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. பாளையங்கோட்டையில் அவர் நடத்திய சோடாக் கம்பெனியில் அன்று காலை நான்கு பாட்டில்கள் அடுத்தடுத்து வெடித்திருந்தன. சில்லுகளின் மேல் வெறுங்காலோடு நடந்து, எந்திரம் சுற்றும் சுடலையை அறையப் போனார். ஓங்கிய கையைப் பார்க்காமல் சுடலை தரையைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, அடிக்கது இருக்கட்டும். கால்ல ரத்தம் ஊத்துது, பாருங்க!"

தாத்தா காலைத் தூக்கி, விரல் நீளச் சில்லு ஒன்றை உருவி எறிந்தார். முகம் சுளிக்கவில்லை. "லே, இது பட்டாளத்து உடம்பு" என்றார். அதன் பிறகு சுடலையை அறையவும் செய்தார்.

வீட்டில் நீரிழிவுக்காரரை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த நோய் அவருக்கு இருந்ததே எங்களுக்குத் தெரியாது. அவர் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை அம்மா பலமுறை பார்த்திருக்கிறாள். சாம்பலைத் தூவிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். வலி தெரியாததை நாங்கள் வீரம் என்று எண்ணி, தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டோம்.

தாத்தா கோதாவரிப் பக்கத்துத் தெலுங்கர். சிப்பாயாக இந்த ஊருக்கு வந்தவர், இங்கேயே பெண் எடுத்தார். வெள்ளைக்காரன் பர்மாவைப் பிடித்த சண்டைக்கு இங்கிருந்து போய், ஹவில்தாராகத் திரும்பி, சோடா எந்திரம் வாங்கிப் போட்டார். ஆழ்வார்திருநகரித் தேரோட்டத்துக்கும் சேரன்மகாதேவிச் சந்தைக்கும் அவருடைய சோடா வண்டி போனது. கோபம் எப்போதும் மூக்கின் மேல்தான் இருக்கும். பாட்டில் வெடித்தால் முதலில் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்வார். எழுந்ததும், தான் படுத்ததைப் பார்த்தவர்களை அடிப்பார். என் தோளிலும் அவருடைய பிரம்புத் தழும்பு உண்டு. ஆனாலும் அவர் வாயிலிருந்து தெலுங்கு கற்றுக்கொண்டவள் வீட்டில் நான் ஒருத்திதான். என்னிடம் அவருக்குத் தனிப் பிரியம்.

காலில் பட்ட காயம் ஆறவில்லை. தாத்தா பட்டாளத்து வைத்தியம் செய்தார். காயத்தில் வெடிமருந்துத் தூளை நிரப்பித் தீக்குச்சி கிழித்தார். புஸ்ஸென்று எரிந்து, சதை கருகும் நாற்றம் கம்பெனி முழுக்க அடித்தது. அவர் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுற்றி நின்ற வேலைக்காரர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அதை நினைத்தால் இன்றும் என் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

பத்தாம் நாள் விரல்கள் கறுத்தன. மிஷன் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கொண்டுபோனோம். டாக்டர் தாத்தாவின் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு ஊசியை எடுத்தார்.

"குத்தட்டுமா, ஹவில்தார்?"

"குத்துங்க வே. இதுக்கெல்லாம் உத்தரவு கேட்டுக்கிட்டா இருப்பாக?"

"குத்தி ரொம்ப நேரமாச்சு" என்றார் டாக்டர். ஊசி உள்ளங்காலில் பாதிவரை இறங்கி நின்றது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

நீரிழிவில் நரம்பு மரத்துவிட்டது, அழுகல் (ரத்தம் ஓடாமல் சதை செத்துப்போவது) மேலே ஏறுகிறது, முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் ஒரு வாரம் தாங்காது என்றார் டாக்டர். கால் போவதற்குத் தாத்தா பயப்படவில்லை. குளோரோபாரம் (மயக்க மருந்து) என்று கேட்டதும்தான் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். "மருந்து வேண்டாம். முழிச்சிருக்கும்போதே அறுங்க. நான் கத்தமாட்டேன்" என்று டாக்டரின் கையைப் பிடித்துக் கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. முழங்காலருகே உணர்ச்சி இருக்கிறது, அதிர்ச்சியிலேயே உயிர் போய்விடும் என்று டாக்டர் மறுத்துவிட்டார்.

அவரை அடக்க நான்கு பேர் தேவைப்பட்டார்கள். என்னையும் உள்ளே விட்டார்கள். என் கையை மட்டும் அவர் உதறவில்லை. முகத்தில் துணியை வைத்ததும் கம்பவுண்டரின் வாயில் ஒரு குத்து விட்டார். பல்லும் ரத்தமும் தெறித்தன. பிறகு தெலுங்கில் கத்த ஆரம்பித்தார்.

"கதவை விடாதே! கூரையில தீ பிடிச்சிருச்சு. உள்ளே குழந்தை அழுதா அழட்டும், கதவை விடாதே!"

மருந்து முழுதாக ஏறும்வரை அதையே திரும்பத் திரும்பக் கத்தினார். நடுவில் சிரித்தார். என் கை அவருடைய பிடியில் இருந்தது, உருவ முடியவில்லை.

"என்னம்மா சொல்லுதாரு?" என்று டாக்டர் கேட்டார்.

"ஜெபம் பண்ணுதாரு" என்றேன்.

ரம்பம் எலும்பில் ஏறும் சத்தத்தை விட அந்தப் பொய் என்னை வதைத்தது.

அவர் பிழைத்தார். மூன்று வாரம் சீழும் காய்ச்சலுமாகக் கிடந்தார். புண் கட்டுவது என் வேலை. கட்டும்போதெல்லாம் அவரை வெறுத்தேன். அதை மறைத்து எழுதுவதில் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இப்படியும் மனம் கசக்கும். வெறுப்போடு கட்டினாலும் கட்டு ஒழுங்காக இருந்தால் புண் ஆறும்.

ஒருநாள் மத்தியானம் அலறி எழுந்தார். "ஏட்டி எஸ்தர், கால் எரியுது. தண்ணி ஊத்து!"

"இந்தக் காலா?"

"அந்தக் கால்."

வெட்டி எடுத்த கால் இருப்பதுபோல நரம்பு நினைத்துக்கொள்ளும், அந்த வலி பொய்யல்ல என்றார் டாக்டர். இருந்தபோது தீ வைத்தும் சுடாத கால், போன பிறகு எரிந்தது. வெறும் பாயின் மேல் செம்புத் தண்ணீரை ஊற்றுவேன். பாய் நனையும். அவருடைய மூச்சு பைய அடங்கும்.

கட்டு பிரித்த அன்று கேட்டார். "மயக்கத்துல நான் பேசினேனா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. "கதவை விடாதேன்னு சொன்னீங்க."

"எனக்கு உத்தரவு போட்டாக" என்றார் முதலில். பிறகு அவரே தலையை ஆட்டினார். "இல்ல. பர்மாவுல ஒரு ஊரைக் கொளுத்தத்தான் உத்தரவு. கதவைத் திறக்க விடாம பிடிச்சது நானாவே செஞ்சது."

"ஏன் தாத்தா?"

"பட்டாளத்துல என் கூட இருந்த சேக்காளியை அந்த ஊர்லதான் வெட்டிப் போட்டாக. வெட்டினவன் அந்த வீட்டுல இல்ல. அது எனக்கு அப்பவே தெரியும்."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அன்று அம்மாதான் கஞ்சி கொடுத்தாள்.

அதன் பின் இரண்டு வருஷம் இருந்தார். ஒருவரையும் அடிக்கவில்லை. கட்டைக்கால் போட்டுக் கம்பெனிக்குப் போனார். பாட்டில் வெடித்தால் படுக்க முடியாமல் நின்றபடியே நடுங்கினார். எங்களுக்கு அது முப்பது வருஷத்துக்கு முந்திய சண்டை. அவருக்கு அது தினமும் மத்தியானம் நடந்தது. நான் இன்றும் குளிக்கும்போது என் பாதத்தைத் தடவி, கிள்ளி, வலிக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். வலித்தால் நிம்மதியாக இருக்கிறது.

கடைசி மாதத்தில் ஒருநாள், பல்லைக் கடித்துக்கொண்டு இல்லாத காலின் எரிச்சலில் துடித்தார். நான் வழக்கம்போலச் செம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஊத்தாத ஏட்டி. எரியட்டும்."