ஒட்டு விட்ட வயலின்

காலை பத்தே கால். மெல்பர்ன் அரங்கின் நடைக்கூடத்தில் ஓர் அம்மாள் வயலினின் விளிம்பை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்கிறார். பெயர் இலோனா. புடாபெஸ்டில் ஆறு வயதில் வில் பிடித்தவர். அகதியாக வந்து, இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருகிறார். இன்று இசைக்குழுவில் காலியான ஓர் இடத்துக்குத் தேர்வு. ஓரிடத்தில் தட்டும் ஓசை பிசகுகிறது. வெளியே வீசும் வடக்கத்தி அனல் காற்றில் பலகைகளைச் சேர்த்த ஒட்டு விட்டிருக்கிறது.

"தடித்த தந்தியைத் தொட்டா உறுமும். மத்ததுல தெரியாது," என்கிறார்.

"யார்கிட்டயாவது இரவல் வாங்கலாமே?" பக்கத்தில் காத்திருப்பவர் கேட்கிறார்.

"அடுத்தவர் பல்செட்டை மாட்டிக்கிட்டு நீங்க ஆப்பிள் கடிப்பீங்களா?"

பெயர் அழைக்கப்படுகிறது. பாவாடையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகிறார். கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை.

உள்ளே தேர்வாளர்கள் தடித்த தந்தியில் தொடங்கச் சொல்கிறார்கள்.