காக்கா வராத பலகை

எனக்குப் பறவைப் பைத்தியம் பிடித்ததற்கு முழுப் பொறுப்பும் பக்கத்து வீட்டு வேன்காரர்தான். சிங்களவர், நல்ல மனிதர். நுவரெலியாவுக்கு வரும் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு சுற்றுவது அவர் தொழில். நான் தேயிலை ஃபெக்டரியில் இரவு வேலை முடிந்து வந்துகொண்டிருந்த ஒரு காலையில் என்னை வழிமறித்து, போனில் ஒரு படத்தைக் காட்டினார். கறுப்புத் தலை, பச்சை உடம்பு, காதோரம் பூ செருகினமாதிரி மஞ்சள் இறகுக் கொத்து. இந்தக் குருவி உலகத்திலேயே இலங்கையில்தான் இருக்கிறதாம், அதுவும் நம்முடைய குளிர் மலைகளில்தானாம். இதைப் பார்ப்பதற்கென்றே கடல் கடந்து வந்த ஒரு புருஷன் பொண்டாட்டி இரண்டு நாள் மழையில் நனைந்து நின்றும் கண்ணில் படவில்லையாம்.

நான் படத்தை உற்றுப் பார்த்தேன். அடப்பாவி, இது தினமும் என் வீட்டுத் தகரத்தில் எச்சம் போடுகிற பயலாச்சே என்று நினைத்துக்கொண்டேன். வேன்காரரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய ஆள் நம் வீட்டுக்கு வந்து போகிறான், இத்தனை வருஷம் ஒரு வாய் சாப்பிடு என்று கேட்காமல் இருந்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

அன்றைக்கே வேலையைத் தொடங்கினேன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை விட்டு மேட்டில் கட்டிக் கொடுத்த தனி வீடு எங்களுடையது. பின்னால் கொஞ்சம் லீக்ஸ், கொஞ்சம் கரட், ஒரு பேரி மரம். மரத்துக்குப் பக்கத்தில் கம்பு நட்டு, மேலே ஒரு பலகையை அடித்தேன். தண்ணீருக்கு இரண்டு சிரட்டை. பலகை நிறைய ராத்திரிச் சோற்றைப் பரப்பிவிட்டு ஜன்னலுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வந்தது எல்லாம் காக்கா. தேயிலைத் தோட்டத்துக் காக்கா முழுவதும் என் பலகையில்தான். சோறு தீர்ந்ததும் சிரட்டையைக் கவிழ்த்துவிட்டு, கொடியில் காய்ந்த கருவாட்டையும் தூக்கிக்கொண்டு போயின. என் மனைவி கொழுந்து எடுத்துவிட்டு வந்து பார்த்தாள்.

"ஏங்க, உங்க வெள்ளைக்கார குருவி எல்லாம் கறுப்பால்ல இருக்கு," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தால் சும்மா இருக்க மாட்டேன். பழைய குடை ஒன்றைப் பிரித்து, அதன் கறுப்புத் துணிக்குள் வைக்கோலைத் திணித்து, செத்த காக்கா மாதிரி ஒன்று செய்தேன். கால் கயிற்றில், தலை கீழே. அவளுக்கும் தெரியாமல் பேரி மரத்தின் பின்பக்கக் கிளையில் அதைத் தொங்கவிட்டேன். அன்று முழுக்கக் காக்காக் கூட்டம் மரத்தைச் சுற்றிக் கத்தித் தீர்த்தது. மறுநாள் ஒன்றுகூட இல்லை. அதற்கப்புறம் எங்கள் மேட்டுப் பக்கமே அவை திரும்பிப் பார்க்கவில்லை. கருவாடு தப்பியதில் மனைவிக்கும் ஏக சந்தோஷம்.

சோற்றை நிறுத்திவிட்டு வாழைப்பழத்துக்கு மாறினேன். பாதி தோலை உரித்துப் பலகையில் ஆணியில் குத்தி வைத்தேன். மூன்றாம் நாள் காலை, தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், டக்கென்று வந்து இறங்கினான். மஞ்சள்காதன். தலையை இப்படிச் சாய்த்தான், அப்படிச் சாய்த்தான், பழத்தில் ஒரு கொத்துக் கொத்தினான். ஜன்னலை நெருங்கப்போனதில், கொதிக்கிற தேத்தண்ணி அத்தனையும் காலில் கொட்டியது. கத்தவும் முடியாது, கத்தினால் பறந்துவிடுவான். பல்லைக் கடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பார்த்தேன். கல்யாணத்தன்று கூட எனக்கு நெஞ்சு அப்படி அடித்ததில்லை. இதை மனைவியிடமே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அவன் போய் என்ன சொன்னானோ, அடுத்த வாரத்தில் நாலு பேரோடு வந்தான். பின்னாலேயே வெள்ளைக்கண்ணிக் குருவிகள், கட்டைவிரல் அளவுக்கு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு. விடிந்ததும் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களம் மாதிரி ஆகிவிட்டது என் பலகை. பழம் வைக்க நான் பிந்தினால் ஜன்னல் ஓரத்துக்கே வந்து சத்தம் போட்டார்கள்.

"பொண்டாட்டிக்கு ஒரு நாளாவது பழம் உரிச்சுக் குடுத்திருக்கீங்களா?" என்று அவள் கேட்பாள். கேட்டுக்கொண்டே அவளும் ஜன்னலில் நிற்பாள்.

இப்படிப் பறவைகளோடு நான் மிதந்துகொண்டிருந்தபோது என் மாமியாரின் வருஷத் திதி வந்தது. மாமியார் கடைசிக் காலத்தில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். அவர் உயிர் போன நேரத்தில் என் மனைவி மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். ஆள் வந்து கூப்பிட்டு, கூடையைப் போட்டுவிட்டு ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. கடைசியாக அம்மாவுக்கு ஒரு வாய் என் கையால் குடுக்கலையே என்று அந்த ஒரு வருஷமும் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறாள். அதனால் திதிச் சமையலில் யாரையும் கை வைக்க விடவில்லை. முதல்நாளே உளுந்து ஊறப்போட்டு, விடியற்காலையில் தலைக்குக் குளித்து, வடை, பாயசம், அம்மாவுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பிரட்டல் என்று எல்லாம் தனியாகவே செய்தாள்.

அவளுடைய அண்ணன்மார் இரண்டு பேரும் ஹட்டனிலிருந்து குடும்பத்தோடு வந்தார்கள். பெரிய மச்சான் சாஸ்திரம் பார்க்கிறவர். படையல் போட்டுக் கும்பிட்டு முடித்ததும், ஒரு வாழையிலையில் சோறு, வடை, பாயசம், பழம் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துவைத்து என் மனைவி கையில் கொடுத்தார். காக்கா எடுத்தால்தான் போனவர்கள் வந்து சாப்பிட்டதாக அர்த்தம். அதற்கு முன்னால் வீட்டில் யாரும் வாயில் வைக்க முடியாது.

"மாப்பிள்ளை, இந்தப் பலகை நல்ல வசதியா இருக்கே," என்றார் பெரிய மச்சான். இலையை அதில் வைத்தார்கள். எல்லோரும் வானத்தைப் பார்த்து "கா... கா..." என்று கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே தற்செயலாகப் பேரி மரத்தைப் பார்த்தேன்.

 குடைத் துணிக் காக்கா கிளையில் ஜம்மென்று ஆடிக்கொண்டிருந்தது.

ஒன்றுக்குப் போகிற மாதிரி மரத்துக்குப் பின்னால் போய் அதை அறுத்து விறகுக் கொட்டிலில் எறிந்தேன். என்ன பிரயோஜனம்? காக்காவுக்கு ஞாபகம் அதிகம். நேரம் போய்க்கொண்டே இருந்தது. சோறு ஆறியது. பிள்ளைகள் பசியில் சிணுங்கின. சின்ன மச்சான் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டி உட்கார்ந்துவிட்டார்.

"அம்மாவுக்கு ஏதோ மனக்குறை இருக்கு," என்றார் பெரிய மச்சான்.

என் மனைவி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. குறை அம்மாவிடம் இல்லை, என் குடைத் துணியில் இருக்கிறது என்று சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்குமா, என்னை அங்கேயே வெட்டிப் போடுவாளா என்று தெரியவில்லை. இரண்டு வடையை எடுத்துக்கொண்டு லயத்துப் பக்கம் ஓடினேன்.

லயத்துக் குப்பை மேட்டில் உட்கார்ந்திருந்தது அத்தனை காக்காவும். வடையைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டே தேயிலைக்குள்ளால் மேலே ஏறினேன். ஆம்பிளை ஒருத்தன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வாடா ராசா, வாடா கண்ணு" என்று காக்காவைக் கெஞ்சிக்கொண்டு போனதை லயமே வாசலில் நின்று பார்த்தது. காக்காவும் வந்தது. ஒன்று, இரண்டு, ஐந்தாறு. எனக்கு ஒரே குஷி. வாசல் வேலி வரைக்கும் வந்துவிட்டன. அங்கிருந்து பேரி மரத்தை ஒரு பார்வை பார்த்தன. அவ்வளவுதான், மொத்தமும் திரும்பிப் பறந்துவிட்டன. நான் வெறுங்கையோடு முற்றத்தில் போய் நின்றேன்.

"உள்ள போங்க எல்லாரும்," என்றாள் என் மனைவி. "ஆள் நின்னா வராது."

எல்லோரும் உள்ளே போய் ஜன்னலில் நெருக்கிக்கொண்டு நின்றோம். மஞ்சு மூட்டம் இறங்கத் தொடங்கிவிட்டது. அப்போது பேரி மரத்திலிருந்து டக்கென்று பலகையில் வந்து இறங்கினான் மஞ்சள்காதன். என் நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் இந்த முறை பயத்தில். திதி இலையைக் கிளறிவைத்தால் பெரிய மச்சான் என்னைச் சும்மா விடுவாரா? அவன் சோற்றைத் தாண்டினான். வடையைத் தொடவில்லை. பாயசத்தைப் பார்க்கக்கூட இல்லை. நேராக வாழைப்பழத்திடம் போய், இத்தனை பேர் பார்க்கிறோமே என்ற கூச்சம் கொஞ்சமும் இல்லாமல், நிதானமாகக் கொத்திக் கொத்திச் சாப்பிட்டான்.

"சாப்பிட்டாச்சு," என்றாள் என் மனைவி.  "அம்மா சாப்பிட்டாச்சு. இலை போடுங்க."

"அது எப்படிம்மா?" என்றார் பெரிய மச்சான். "காக்கா எடுக்கணும். இது ஏதோ காட்டுக் குருவி. சோத்தைத் தொடக்கூட இல்லையே."

அவள் ஜன்னலிலிருந்து திரும்பாமலே சொன்னாள்.

"அம்மா என்னைக்கு அண்ணே சோத்தைத் தொட்டாங்க? இருந்த சோத்தை நம்ம மூணு பேருக்கும் போட்டுட்டு, ஒரு வாழைப்பழத்தைத் தின்னு தண்ணியக் குடிச்சிட்டுத்தானே மலைக்குப் போனாங்க. கேட்டா, எனக்குப் பழந்தான் புடிக்கும்னு சொல்லுவாங்க. அதை நம்பித்தானே நம்ம சாப்பிட்டோம்."

 சின்ன மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். பெரிய மச்சான் படையலில் இருந்த சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து, பாதி தோலை உரித்து, வெளியே மஞ்சுக்குள் இறங்கிப் போய் அதைப் பலகையில் வைத்துவிட்டு வந்தார். அதற்கப்புறம்தான் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம்.